மூன்று அங்குலமும் மூன்று நூலும்: பழைய காரின் கூரையை இறக்குவது எப்படி, எதற்கு, எதில்

கொழும்பு கிராண்ட்பாஸில் ஒரு தகரக் கொட்டிலுக்குள், ஐம்பதுகளில் வந்த ஒஸ்டின் காரொன்றின் கூரையை நாலு பேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம். கார் என் மச்சானுடையது. கூரையை மூன்று அங்குலம் பதிக்க, அதாவது தாழ்த்த, வேண்டும் என்பது அவனுடைய பல வருஷத்து ஆசை. டிங்கரிங் பாஸ் ஒவ்வொரு தூணிலும் டேப்பை வைத்து மூன்று அங்குலம் அளந்து, கோடு போட்டு, கிரைண்டரால் துண்டுகளை வெட்டி எடுத்துவிட்டார். இனி இறக்கி வைத்து வெல்டிங்கில் ஒட்டுவதுதான் மிச்சம் என்று நினைத்தோம்.

இறக்கினோம். கதவுகளுக்கு நடுவில் நிற்கும் தூணில் உயரம் சரியாக வந்தது. ஆனால் மேல்துண்டு கீழ்த்துண்டைவிட நாலு நூல் உள்ளே தள்ளி நின்றது. (ஒரு நூல் என்பது எட்டில் ஒரு அங்குலம்.) முன்கண்ணாடித் தூணில் மேல்துண்டு ஒன்றரை அங்குலத்துக்கும் மேலாகப் பின்னால் போயிருந்தது. அது போதாதென்று முன்பக்கம் முழுதாகக் கீழே இறங்கவுமில்லை. மூன்று நூல் தூக்கிக்கொண்டு நின்றது.

“எல்லாத் தூணிலயும் ஒரே அளவுதானே பாஸ் வெட்டினீங்க?”

“ஒரே அளவுதான் தம்பி. மூணு இஞ்சி. நீங்களே டேப் வச்சுப் பாருங்க.”

பார்த்தேன். அவர் சொன்னது சரி. எல்லாத் தூணிலும் ஒரே மூன்று அங்குலம். பிழையே அதில்தான் இருந்தது.

பழைய கார்களின் கூரையைப் பதிப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அநேகமாக அதன் அழகைப் பற்றித்தான் பேசுகிறார்கள். படம் பார்த்து ஆசைப்பட்டு வருகிற இளைஞர்களும் ‘எத்தனை அங்குலம் வெட்டலாம்’ என்றுதான் கேட்கிறார்கள். வெட்டுவது அரை நாள் வேலை. வெட்டிய தூண்களைத் திரும்ப நிறுத்துவதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். அந்தத் தூண்கள் எதற்காக நிற்கின்றன என்று தெரியாமல் கிரைண்டரைக் கையில் எடுப்பதுதான் பல நல்ல வண்டிகளைக் கெடுத்திருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரை கூரையைவிடத் தூணைப் பற்றியே அதிகம் பேசும்.

முதலில் பெயர்கள். முன்கண்ணாடியின் இரு பக்கத்திலும் நிற்பது ஏ பில்லர். முன்கதவு முடிகிற இடத்தில் நிற்பது பீ பில்லர். பின்கண்ணாடிப் பக்கம் சீ பில்லர். நம் கராஜ்களில் கூரையை ஹூட் என்றும், கதவுக் கண்ணாடியை ஷட்டர் என்றும் சொல்வார்கள். கூரையைப் பதிக்கும் வேலைக்கு அமெரிக்காவில் ‘சொப்’ என்று பெயர். வெட்டு என்பதுதான் பொருள்.

காய்ந்த ஏரியில் தொடங்கியது

இது அலங்காரமாகப் பிறந்த வேலை அல்ல. 1930களில் தென் கலிபோர்னியாவின் காய்ந்த ஏரிப் படுகைகளில், மியூரொக், எல் மிராஜ் போன்ற இடங்களில், இளைஞர்கள் பழைய ஃபோர்ட் கார்களை வேகமாக ஓட்டிப் போட்டி போட்டார்கள். அந்தப் போட்டிகளை ஒழுங்குபடுத்திய சங்கம் 1937இல் உருவானது. அன்றைய ஃபோர்ட் கார்கள் தொப்பி போட்டபடியே ஏறி உட்காரக்கூடிய உயரம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. காற்றில் மோதுகிற முகப்பின் பரப்பைக் குறைத்தால் அதே எஞ்சினில் கூடுதல் வேகம் கிடைக்கும். எஞ்சினுக்குச் செலவழிக்கப் பணம் இல்லாதவனிடம் ஒரு வாள் இருந்தது. கூரையை வெட்டினான்.

அந்த ஃபோர்ட்களில் இன்னொரு வசதி இருந்தது. மொடல் ஏ காரின் தூண்கள் ஏறக்குறைய நிமிர்ந்தே நின்றன. நிமிர்ந்த தூணில் எங்கே ஒரு துண்டை எடுத்தாலும் மேலும் கீழும் ஒன்றன் மேல் ஒன்று உட்காரும். கண்ணாடி தட்டை. அதனால் அந்தக் காரை வீட்டு முற்றத்தில்கூட வெட்ட முடிந்தது.

போருக்குப் பிறகு காரின் உருவமே மாறியது. 1949ஆம் ஆண்டு மொடலாக வந்த மெர்க்குரி கார் உருண்டை உருண்டையாக, எங்கே பார்த்தாலும் வளைவாக இருந்தது. அதன் கூரையை வெட்டுவது முற்றிலும் வேறு வேலை. அதைச் செய்து காட்டிப் பெயர் வாங்கியவர்கள் ஜோர்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் சகோதரர்கள். ஜோர்ஜுக்குப் பேச்சும் விளம்பரமும். தகட்டில் கை வைத்தவர் சாம். 1952இல் பொப் ஹிரோஹாட்டா என்ற இளைஞருக்காக 1951 மெர்க்குரி ஒன்றை அவர்கள் மாற்றிய விதம் இன்றும் இந்த வேலைக்கு அளவுகோலாக இருக்கிறது. முன்பக்கம் 4 அங்குலமும் பின்பக்கம் 7 அங்குலமும் இறக்கினார்கள். கூரை பின்னோக்கிச் சரிந்து போவதற்குக் காரணம் அந்த வித்தியாசம்தான். பீ பில்லரின் மேற்பாதியையும் எடுத்துவிட்டு, கண்ணாடி முழுக்கத் திறந்தால் பக்கவாட்டில் தடையே இல்லாதபடி செய்தார்கள். 1959இல் அந்தக் கார் 500 டொலருக்குக் கைமாறியது. 2022 ஜனவரியில் ஏலத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் டொலருக்குப் போனது.

அந்தக் காலத்துக் கார்களை ‘லெட் ஸ்லெட்’ என்பார்கள். ஒட்டுகளை மறைக்க ஈயம் உருக்கிப் பூசியதால் வந்த பெயர். வெள்ளீயமும் ஈயமும் கலந்த அந்தக் கலவை 183 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கி, 250 பாகை தாண்டும்வரை வெண்ணெய்போல் குழைந்த நிலையிலேயே இருக்கும். அந்த இடைவெளியில் மரக்கட்டையால் தடவித் தடவி வளைவை எடுப்பார்கள். இப்போது அந்த இடத்தைப் பட்டி பிடித்துக்கொண்டது. உடலுக்கு ஈயம் நஞ்சு என்பதால் அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் விரற்கடைக் கனத்துக்குப் பட்டி பூசி மூடிய ஒட்டு ஒரு வருஷத்துக்குள் வெடிக்கும். அதை எத்தனையோ வண்டிகளில் பார்த்துவிட்டேன்.

மூன்று நூல் எங்கிருந்து வந்தது

மச்சானின் காருக்கு வருகிறேன். முன்கண்ணாடித் தூணின் சாய்வைப் பிறகு அளந்து பார்த்தோம். செங்குத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை. சாய்ந்த தூணின் உடம்போடு டேப்பை ஒட்டிவைத்து மூன்று அங்குலம் வெட்டினால், உயரத்தில் குறைவது மூன்று அங்குலம் அல்ல, 2.6 அங்குலம். நடுத்தூண் பக்கத்திலிருந்து பார்க்க நிமிர்ந்து நிற்பதால் அங்கே முழு மூன்றும் குறைந்துவிடும். வித்தியாசம் 0.4 அங்குலம். ஒரு நூல் என்பது எட்டில் ஒரு அங்குலம். மூன்று நூலும் கொஞ்சமும். எங்கள் கண்முன் தூக்கிக்கொண்டு நின்றது இதுதான்.

உயரத்தில் மூன்று அங்குலம் குறைய வேண்டுமென்றால், 30 பாகைத் தூணில் சாய்வோடு அளந்து கிட்டத்தட்ட மூன்றரை அங்குலம் எடுக்க வேண்டும். டேப்பைத் தூணோடு பிடிக்காமல், வண்டியைச் சமமட்டத்தில் நிறுத்தி, தரையிலிருந்து நிமிர்த்திப் பிடித்து அளந்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. இரச மட்டத்தையும் தூக்குக்குண்டையும் மேசன் பாஸ்மார் ஒவ்வொரு சுவரிலும் பயன்படுத்துகிறார்கள். காரில் மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம் என்று தெரியவில்லை.

பின்னால் தள்ளிப் போனதும் அதே கணக்குத்தான். தூண் மேலே போகப் போகப் பின்னால் சாய்கிறது. நடுவில் மூன்று அங்குல உயரத்தை எடுத்துவிட்டுக் கூரையை நேரே கீழே இறக்கினால், மேல்துண்டு கீழ்த்துண்டைவிட ஒன்றே முக்கால் அங்குலம் பின்னால் வந்து நிற்கும். சாய்வு 10 பாகையாக இருந்தால் இது அரை அங்குலம்தான். 40 பாகையாக இருந்தால் இரண்டரை அங்குலம். ஆகவே எத்தனை அங்குலம் வெட்டலாம் என்று கேட்பதற்கு முன்னால், தூண் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இந்த இடைவெளியை மூடும் வழிகளில் முதலாவது, கீழே நிற்கும் அடித்தூணைப் பின்னால் சாய்ப்பது. அதற்குத் தூணின் அடியில் ஆப்பு வடிவில் ஒரு வெட்டுப் போட்டு மடக்க வேண்டும். கதவின் முன்விளிம்பும் அதோடு சேர்ந்து சாய வேண்டும். முன்கண்ணாடி படுத்துவிடும். இரண்டாவது, தூணை விட்டுவிட்டுக் கூரையை முன்னால் கொண்டுவருவது. அப்போது பின்னால் இடைவெளி விழும்; கூரையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, நடுவில் ஒன்றே முக்கால் அங்குலப் பட்டை ஒன்றைச் சேர்க்க வேண்டும். அனுபவசாலிகள் அநேகமாக இரண்டையும் கலந்து, தூணைக் கொஞ்சம் சாய்த்து, கூரையைக் கொஞ்சம் நீட்டுவார்கள்.

நடுத்தூண் நாலு நூல் உள்ளே போனதற்கும் காரணம் சாய்வுதான். முன்னாலிருந்து பார்த்தால் காரின் பக்கங்கள் மேலே போகும்போது உள்நோக்கிச் சரிவது தெரியும். பக்கத்துக்கு 10 பாகை என்றால் மூன்று அங்குலத்துக்கு அரை அங்குலம். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு அங்குலம். கூரையை அந்த அளவுக்கு அகலமாக்க வேண்டும், அல்லது தூண்களை உள்ளே சாய்க்க வேண்டும். நீளமும் அகலமும் இரண்டும் போதாமல் போகிற கார்களில் கூரையைக் கூட்டல் குறிபோல் நாலாக வெட்டி, நாலு மூலையையும் அதனதன் தூணில் முதலில் நிறுத்திவிட்டு, நடுவில் விழும் சிலுவை வடிவ இடைவெளியைப் புதுத் தகட்டால் அடைப்பார்கள். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் வளைவு கூடிய கார்களுக்கு அதுதான் யோக்கியமான வழி. மூலைகளில்தான் காரின் முகமே இருக்கிறது. மூலை கெடாமல் நடுவை மாற்றினால் கண்ணுக்குத் தெரியாது.

இப்படி வெட்டி அகலமாக்கிய ஒரு காரை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். மொரிஸ் மைனர். 1948இல் லண்டனில் அறிமுகமாவதற்குச் சற்று முன், மாதிரி வண்டி ஒடுக்கமாக இருக்கிறது என்று நினைத்த அதன் வடிவமைப்பாளர் அலெக் இஸிகோனிஸ், அதை நீளவாட்டில் இரண்டாக அறுக்கச் சொல்லி, இரண்டு பாதியையும் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலத்தில் நிறுத்தினார். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு மைனரைக் கண்டால் பொனட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டையைக் கவனியுங்கள். அந்த 4 அங்குலம் அதுதான். முதலில் வந்த வண்டிகளின் பம்பர்களையும் நடுவில் வெட்டி இடையே ஒரு துண்டு வைத்தே பூட்டினார்கள்.

எங்கள் பாஸ் அன்று அந்த மூன்று நூலை என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். “இதுக்கென்ன, பெல்ட் போட்டு இழுத்து ஒட்டினா உக்காந்துரும்” என்றார். இழுத்தார். உட்கார்ந்தது. புள்ளிப் புள்ளியாக ஒட்டினார். மறுநாள் காலை கூரையின் நடுவில் பெருவிரலை வைத்து அழுத்தினேன். டொக்கென்று உள்ளே போனது. விரலை எடுத்ததும் டொக்கென்று வெளியே வந்தது. இழுத்துக் கட்டிய இறுக்கம் முழுவதும் அந்தத் தகட்டுக்குள் போய்த் தங்கியிருந்தது. ஓடும்போது ஒவ்வொரு குழியிலும் அது இந்தச் சத்தத்தைப் போடும். ஒட்டுகள் ஒவ்வொன்றாக விடும். புள்ளி ஒட்டுகள் எல்லாவற்றையும் அறுத்து, முன்தூணில் மேற்கொண்டு மூன்றரை நூல் எடுத்து, திரும்ப நிறுத்தினோம். குறைவாக வெட்டியிருந்ததால் தப்பினோம். கூட வெட்டியிருந்தால் துண்டு சேர்க்க வேண்டி வந்திருக்கும்.

ஒட்டும்போது சூடுதான் எதிரி. அந்தக் காலத்துக் காரின் தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம். ஒரு மீட்டர் இரும்பு 100 பாகை சூடேறினால் 1.2 மில்லிமீட்டர் நீளும். ஒட்டும் இடம் செந்தணலாகும்போது சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அதை நீள விடாது; நெரிபட்டு அங்கேயே தடித்து, ஆறும்போது சுருங்கி, பக்கத்துத் தகட்டை இழுக்கும். கூரைபோல் அகன்ற, வளைவு குறைந்த இடத்தில் இந்த இழுப்பு அலை அலையாகத் தெரியும். ஆகவே குறுக்கே ஒரே ஓட்டமாக ஒட்டக்கூடாது. இங்கே ஒரு புள்ளி, அரை முழம் தள்ளி ஒரு புள்ளி, அது ஆறும்வரை மறுபக்கம் ஒரு புள்ளி என்று ஒரு நாள் முழுக்கப் போகும். எங்கள் பாஸின் உண்மையான திறமையை நான் பார்த்தது இந்தக் கட்டத்தில்தான். உப்பிய இடத்தில் காஸ் சுடரால் ஒரு சத நாணய அளவுக்குச் செக்கச் செவேலென்று சுட்டு, அடியில் டொலி என்ற இரும்புக் கட்டியைப் பிடித்துச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, உடனே ஈரத்துணியை வைப்பார். சீறும். துணியை எடுத்தால் உப்பல் அடங்கியிருக்கும். கணக்குத் தெரியாவிட்டாலும் தகடு எப்படி நடந்துகொள்ளும் என்பது அவர் கைக்குத் தெரியும். கணக்குத் தெரிந்த ஒருவரும் அவரைப்போல் கை தெரிந்த ஒருவரும் சேர்ந்தால் இந்த வேலை சரியாக வரும்.

தூண் தாங்குவது கூரையை மட்டுமல்ல

பிஸ்கட் டின் ஒன்றை மூடியோடு இரு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். அசையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் துணிபோல் வளையும். காரின் கூரை அந்த மூடி. தூண்கள்தான் மூடியை டின்னோடு பிடித்து வைத்திருக்கின்றன.

எல்லாக் காருக்கும் இது ஒரே அளவில் பொருந்தாது. மெர்க்குரி, மொடல் ஏ, நம் ஊரில் அதிகம் ஓடிய ஒஸ்டின் ஏ40 டெவன், சமர்செட் எல்லாம் தனிச் சட்டகத்தின் மேல் உடம்பை வைத்துப் பூட்டியவை. பாரத்தைச் சட்டகம் தாங்கும். பீட்டில் காரும் தனி அடித்தளத்தில் உடம்பைப் பூட்டியதுதான். ஆனால் மொரிஸ் மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடம்பே சட்டகம். மைனரைக் கூரை மடக்கும் மாதிரியாகச் செய்தபோது தொழிற்சாலையே கீழ்ப்பகுதிக்கு மேலதிக உரம் கொடுத்துத்தான் விற்றது. அந்த உரம் இல்லாத சாதாரண மைனரின் கூரையை வெட்டி எடுத்தால், நடுவில் நாலு பேர் ஏறியதும் வண்டி தொட்டில்போல் தொய்யும். கதவு திறக்காது, திறந்தால் மூடாது.

ஆகவே வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை கூரைப் பக்கமே அல்ல. கதவுக்கு அடியில் ஓடும் சில் பகுதியை (சக்கரத்தைச் சொல்லும் சில்லு அல்ல) தட்டிப் பார்க்க வேண்டும். கடற்கரை நகரம் இது. உப்புக்காற்று கதவுத் தூணின் அடியிலும் சில்லுக்குள்ளும்தான் முதலில் வேலையைக் காட்டும். மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே கறையான் தின்ற மரம்போல் உதிரும். கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு நடுப்பகுதியில் ஜக் போட்டு ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தூக்குங்கள். கதவு இடைவெளி கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறினால் அந்த வண்டி இப்போதைக்கு வெட்டுக்கு உரியதல்ல. முதலில் சில்லை மாற்ற வேண்டும். பிறகு உள்ளே சதுரக் குழாய்களால் கதவுச் சட்டத்துக்குச் சட்டம், பக்கத்துக்குப் பக்கம் முட்டுக் கொடுத்து, கடைசி ஒட்டு முடியும்வரை அந்த முட்டைக் கழற்றக்கூடாது.

தூணை வெட்டும் இடத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தூண் ஒற்றைத் தகடல்ல; வெளித்தகடும் உள்தகடும் சேர்ந்த பெட்டி. இரண்டையும் ஒரே கோட்டில் வெட்டி ஒட்டினால், விபத்தில் அந்தக் கோட்டில்தான் முறியும். வெளித்தகட்டை ஓரிடத்திலும் உள்தகட்டை ஒன்றிரண்டு அங்குலம் தள்ளியும் படிபோல் வெட்டி, உள்ளே ஒரு இரும்புத் துண்டைச் செருகி ஒட்ட வேண்டும்.

பீ பில்லரை முழுதாக எடுத்துவிடலாமா என்பதுதான் அடுத்து எல்லாரும் கேட்பது. படங்களில் அது அவ்வளவு அழகாக இருக்கிறது. ஆனால் அந்தத் தூண் ஒரே நேரத்தில் எத்தனை வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். கூரையின் நடுவைத் தாங்குகிறது. முன்கதவின் பூட்டு அதில்தான் விழுகிறது. நாலு கதவுக் காரில் பின்கதவின் கீல் அதில்தான் தொங்குகிறது. பக்கத்திலிருந்து ஒரு பஸ் மோதினால் நமக்கும் அதற்கும் நடுவில் நிற்பது அது ஒன்றுதான். சீட் பெல்ட்டின் மேல்முனையைப் பூட்டவும் வேறு நல்ல இடம் இல்லை.

தொழிற்சாலைகளே தூண் இல்லாத கார்களைச் செய்திருக்கின்றன. 1937இல் வந்த லன்சியா அப்ரிலியாவில் நாலு கதவு இருந்தும் நடுத்தூண் இல்லை. கதவுகள் மேலே கூரைச் சட்டத்திலும் கீழே சில்லிலும் பூட்டிக்கொள்ளும். அதற்கேற்ப அந்த இரண்டையும் உரமாக வடிவமைத்தார்கள். அமெரிக்காவில் 1949இலிருந்து ஜெனரல் மோட்டர்ஸ் பியூக், கடிலாக், ஓல்ட்ஸ்மொபில் பெயர்களில் மேற்பாதித் தூண் இல்லாத ஹார்ட்டொப் கார்களைப் பெருமளவில் விற்றது. 1973இல் அங்கே, கூரை வண்டியின் நிறையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும் என்று விதி வந்தது. எழுபதுகள் முடிவதற்குள் ஹார்ட்டொப்கள் மறைந்துபோனதற்கு அந்த விதியும் ஒரு காரணம். 2009இல் அதை மூன்று மடங்காக உயர்த்தினார்கள். கூரையைப் பற்றிய அக்கறை போகும் திசை அது.

என் அபிப்பிராயம் இது. தனிச் சட்டகம் உள்ள இரண்டு கதவுக் காரில், கண்ணாடிக்குக் கீழுள்ள பாதித் தூணை அப்படியே விட்டு, கூரையின் ஓரச் சட்டத்துக்குள் குழாய் ஓட்டி உரமேற்றி, மேற்பாதியை எடுக்கலாம். நாலு கதவுக் காரில் வேண்டாம். சட்டகம் இல்லாத காரில் வேண்டவே வேண்டாம். தூணை மெல்லியதாக்கிக் கறுப்புப் பூசினாலே தூரத்திலிருந்து பார்க்கத் தெரியாது. அதற்கு உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

கண்ணாடி

கூரை இறங்கினால் கண்ணாடியும் குறுக வேண்டும். இங்கேதான் பலருடைய திட்டம் நின்றுபோகிறது. கண்ணாடி இரண்டு வகை. இரண்டு தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியதை வெட்டலாம். இரு பக்கமும் கீறி, முறித்து, நடுப்படலத்தை அறுத்து எடுப்பார்கள். சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து இறுக்கிய கண்ணாடியை வெட்டவே முடியாது. ஓரிடத்தில் கீறல் ஆழமாக விழுந்தாலும் மொத்தமும் கற்கண்டுபோல் நொறுங்கிவிடும். பழைய கார்களின் பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

அதனால் தட்டையான பக்கக் கண்ணாடிகளைப் புதிதாகவே வெட்டி எடுப்பது நல்லது. முன்கண்ணாடி வளைந்ததாக இருந்தால் வேலை பலமடங்கு கூடும். மைனரில் 1956இல் மைனர் 1000 வரும்வரை முன்கண்ணாடி நடுவில் பிரிந்த இரண்டு தட்டைத் துண்டுகள். அதன் பிறகு ஒரே வளைந்த கண்ணாடி. கூரை பதிக்கிற எண்ணத்தோடு மைனர் தேடுகிறவருக்கு இந்த ஒரு வருஷ வித்தியாசம் பெரிய வித்தியாசம். ஓரத்து ரப்பர் பீடிங்கை, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் மீட்டர் கணக்கில் வாங்கலாம். ஆனால் மூலைகளில் வளைவு எவ்வளவு என்று அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். நினைவை நம்பிப் போனால் இரண்டாம் முறையும் போக வேண்டி வரும்.

கலிபோர்னியாவின் வெயிலும் கொழும்பின் மழையும்

கூரை பதிக்கிறவர்கள் கூடவே கதவுக்கு மேல் ஓடும் மழைத்தண்ணீர் வாய்க்காலையும் அரைத்து எடுத்துவிடுவது வழக்கம். கூரையும் பக்கமும் ஒரே வழவழப்பாக வரும். இந்த வழக்கம் பிறந்த லொஸ் ஏஞ்சலிஸில் வருஷத்துக்கு 400 மில்லிமீட்டர் மழைகூடச் சராசரியாகப் பெய்வதில்லை. கொழும்பில் ஏறத்தாழ 2,400. அந்த வாய்க்கால் இல்லாத காரில் மே மாத மழைக்குள் கதவைத் திறந்தால் கூரைத் தண்ணீர் முழுதும் சீட்டில் விழும். கதவை மூடியே வைத்திருந்தாலும் பீடிங்கை நம்பித்தான் இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. கூரைத் தகடும் பக்கத் தகடும் சந்தித்து ஒட்டியிருப்பது பல கார்களில் அந்த வாய்க்காலுக்குள்தான். அதை அரைத்தால் ஒட்டையே அரைக்கிறோம். மச்சானுக்கு இதை விளக்கிச் சொல்ல ஒரு மாலை முழுக்கப் போனது. கடைசியில் வாய்க்காலை விட்டுவைத்தான்.

வெயிலும் அப்படியே. ஏப்ரலில் சூரியன் நம் உச்சிக்கு நேரே நிற்கிறது. மூன்று அங்குலம் இறங்கிய கூரைத் தகடு தலைக்கு மூன்று அங்குலம் கிட்ட வருகிறது. வெப்பம் தடுக்க உள்ளே அரை அங்குலப் பஞ்சு வைத்தால் அந்த அரை அங்குலமும் தலைக்கு மேலிருந்துதான் போகும். சீட்டின் அடிச்சட்டத்தை வெட்டி இறக்காமல் இந்த ஊரில் கூரை மட்டும் இறக்குவதில் பயனில்லை.

எந்தக் காரை வெட்டலாம் என்பதுதான் எனக்கு மனசில் கிடக்கும் கேள்வி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது முதல் 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்துவிட்டதுவரை, கிட்டத்தட்ட ஐந்து வருஷம் ஊருக்குள் இருந்ததைத்தான் ஓட்டினோம். அந்தக் காலத்தில் கோழிக்கூடாகக் கிடந்த கார்களுக்கும் ஆள் வந்தது. நம்மில் பலருக்கு இந்தக் கார்கள் வெறும் கார்கள் அல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடியவை இந்த ஏ40களும் மைனர்களும்தான். நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிள்ளைப்பேற்றுக்கும் சாவீட்டுக்கும் ஆட்களைக் கொண்டுபோன வண்டிகள். இலக்கத் தகட்டில் ‘ஸ்ரீ’ எழுத்து வருவதற்கு முந்திய ஈஎல், ஈஎன் இலக்கத்தோடு, சில்லும் தரையும் உரமாக, கண்ணாடி முழுதாக ஒரு கார் கிடைத்தால் அதன் கூரையில் கை வைக்காதீர்கள். அப்படி மிஞ்சியிருப்பவை கொஞ்சம். கூரை நசுங்கியது, மரம் விழுந்தது, பின்பாதி உக்கியது என்று எவ்வளவோ உடம்புகள் கிடக்கின்றன, வெட்டுக்குரியவை அவை. மச்சானின் ஒஸ்டின் மேல் ஒரு பலாமரக் கொப்பு விழுந்திருந்தது. இல்லாவிட்டால் நான் உடன்பட்டிருக்க மாட்டேன்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ்தான் நம் பதிவுகள் எல்லாம் இருக்கின்றன. வண்டியின் உருவை மாற்றுவதென்றால், வெட்டுவதற்கு முன்பே நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எழுத்தில் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லுங்கள். வெட்டிய பிறகு போய் நின்று விளங்கப்படுத்துவது கஷ்டம்.

ஒஸ்டின் இப்போது ஓடுகிறது. முன்தூணைக் கொஞ்சம் சாய்த்து, கூரையில் குறுக்கே ஒரு அங்குலப் பட்டை சேர்த்து, பீ பில்லரை அப்படியே நிறுத்தி, எல்லாமாக ஏழு மாதம் போனது. கதவு இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. பெருவிரலால் அழுத்தினால் கூரை அசைவதில்லை. முன்சீட்டை இரண்டு அங்குலம் இறக்கினோம். பின்சீட்டை இறக்க முடியவில்லை, அடியில் அச்சு ஓடுகிறது. அதனால் மச்சான் வீட்டு மாமி முன்சீட்டில்தான் வருவார். குனிந்து ஏற அவருக்குக் கை கொடுக்க ஒரு பிடி வேண்டுமென்று நடுத்தூணில் ஒன்றைப் பூட்டியிருக்கிறோம்.